கழற்றிய ஸ்குரு கண்ணில் படட்டும்

விமானப் பராமரிப்பு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முண்டியம்பாக்கத்தில் இரவு வேலை என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் கரும்பு லாரிகளும் ஷிஃப்ட் ஆட்களும் ராத்திரி முழுக்க வந்து போய்க்கொண்டிருப்பார்கள். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது. அங்கே விளக்கு அணைவதே இல்லை. ஊரை ஒட்டிப் போகும் சென்னை–விழுப்புரம் ரயில் பாதையில் இருட்டில் நடந்து தண்டவாளம் பார்க்கிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் முடித்துவிட்டு, ஏ.எம்.இ. என்று சொல்கிற விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த லைசென்ஸ் தேர்வில் ஒன்பதாவது மாடியூல் மனிதக் காரணிகள் பற்றியது. எஞ்சின், ஹைட்ராலிக்ஸ், மின்சுற்று என்று மலைபோல் இருக்கும் மற்ற பாடங்களுக்கு நடுவில் அது சின்னதாகத் தெரியும். பாஸ் பண்ணியதும் மூடிவைக்கிற பாடமாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

நமக்குப் பக்கத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1998 ஜூலை 30. லட்சத்தீவின் அகத்தியிலிருந்து கொச்சிக்கு வந்த ஒரு டார்னியர் 228 விமானம் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குக் கிளம்பியது. தரையை விட்ட சிறிது நேரத்தில் அதன் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. விமானிகள் இறக்கப் பார்த்தும் இறங்கவில்லை. பக்கத்திலிருந்த கடற்படை வளாகத்துக் கட்டடத்தில் போய் விழுந்தது. உள்ளே இருந்த 6 பேரும் இறந்தார்கள். கீழே இருந்தவர்களில் 3 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது இது. வாலில் கிடையாக இருக்கும் சிறகை மேலும் கீழும் சாய்க்க ஓர் ஆக்சுவேட்டர் உண்டு. அந்த ஆக்சுவேட்டரை முன்பக்கம் தாங்கும் பொருத்தியில் இருக்க வேண்டிய ஹை-லாக் பிணைப்பாணிகள் போடப்படவே இல்லை. பொருத்தி பாதி பிரிந்தது, யாரும் இயக்காமலே சிறகு தானாகச் சாய்ந்தது, விமானம் நிமிர்ந்துகொண்டது. விமானத்தைப் பராமரித்த பிரிவின் மோசமான வேலைமுறைகளும் இதற்குக் காரணம் என்று அறிக்கை பதிவுசெய்திருக்கிறது.

உடைந்த பாகம் என்றால் விரிசல் காட்டும், எண்ணெய் கசியும், சத்தம் போடும். போடாமல் விட்ட ஆணி எந்த அறிகுறியும் காட்டாது. மூடியைப் போட்டு மூடிவிட்டால் சரியாகச் செய்த வேலையும் அரைகுறையாகச் செய்த வேலையும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். செய்த கைக்கும் அது தெரியாது, தெரிந்திருந்தால் போட்டிருக்குமே. கை தவறும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, தவறினால் கண்ணில் படுகிற மாதிரி வேலையை அமைப்பதுதான் இந்தத் தொழிலில் கற்க வேண்டிய முதல் வித்தை.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ரீசன் ஒரு கணக்குச் சொல்வார். ஒரு நீளமான போல்ட்டில் எட்டு நட்டுகள் வரிசையாக மாட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. கழற்ற ஒரே வழிதான். திரும்ப மாட்டுவதற்கோ 40,320 வரிசைகள். அதில் ஒன்றுதான் சரி. கழற்றும்போது பொருளே வழிகாட்டுகிறது. மாட்டும்போது வழிகாட்ட ஆளில்லை. பராமரிப்புத் தவறுகளில் பெரும்பகுதி மாட்டும்போது நடப்பதற்கு இதுவே காரணம்.

செய்ய வேண்டியவை

• பாதியில் நிற்கும் வேலை, பார்த்த மாத்திரத்தில் பாதி வேலை என்று தெரியும்படி விட்டுவிட்டுப் போங்கள்.

1991 செப்டம்பர் 10 இரவு, அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஓர் எம்ப்ரேயர் 120 விமானத்தின் வால் சிறகு முன்விளிம்பில் பனி உடைக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை. வலது, இடது இரண்டையும் மாற்றுவதாகத் திட்டம். முதல் ஷிஃப்டில் இடது பக்கத்து மேல் ஸ்குருக்கள் 47-ஐயும் கழற்றியாயிற்று. பிறகு ஷிஃப்ட் மாறியது. அடுத்து வந்தவர்கள் வலது பக்கத்தை மட்டும் முடித்தார்கள். இடது பக்கம் கழற்றப்பட்டிருக்கிறது என்பது வேலை அட்டையில் ஏறவில்லை. வாய்வார்த்தையாகச் சொன்னதும் சேர வேண்டியவருக்குச் சேரவில்லை. அந்த விமானத்தின் வால், ஆங்கில டி எழுத்துப் போல உச்சியில் இருக்கும். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மேல்பக்கத்து ஸ்குரு துளைகள் தெரியாது, அதுவும் இருட்டில். காலையில் விமானம் கிளம்பி லரேடோவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும் வழியில், தரையிறங்கத் தாழ்ந்துகொண்டிருக்கும்போது, அந்த முன்விளிம்பு பிய்த்துக்கொண்டு போனது. 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அன்று அங்கே திறமைக்குக் குறைவில்லை. கழற்றிய 47 ஸ்குருக்களையும் ஒரு பையில் போட்டு, அந்தப் பையை விமானி இருக்கையில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் போதும், யாராவது கேட்டிருப்பார்கள். ஆகவே, ஒரு ஸ்குருவைக் கழற்றும் முன்பே அட்டையில் எழுதுங்கள். ஒரு பேனலைத் திறந்தால் சிவப்பு டேக் கட்டுங்கள். காக்பிட்டில் அதற்குரிய இடத்தில் இன்னொரு டேக் மாட்டுங்கள். பைக்குள் எத்தனை ஸ்குரு, எந்த இடத்து ஸ்குரு என்று பையின் மேலேயே எழுதுங்கள். கடைசியில் பை காலியாக இருக்க வேண்டும். ஒன்று மிச்சமிருந்தால், அந்த ஒன்றின் இடம் தெரியும்வரை விமானம் நகரக்கூடாது.

• ஷிஃப்ட் ஒப்படைப்பை விமானத்தின் அடியில் நின்று செய்யுங்கள். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, கழற்றிய இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். கேட்டவர் தன் வாயால் திரும்பச் சொல்லட்டும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பைக் ஸ்டாண்டில் சொல்வது ஒப்படைப்பு ஆகாது.

• கருவிகளை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள்.

நம் ஊர் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்கள். தையல் போட்டு மூடும் முன் பஞ்சு, ஊசி, கத்தி எல்லாவற்றையும் எண்ணுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்ச அறுவைச் சிகிச்சைப் பட்டியலிலும் அந்த எண்ணிக்கை இருக்கிறது. இப்படிப் பட்டியல் வைத்துச் சரிபார்க்கும் வழக்கத்தை மருத்துவம் விமானத் துறையைப் பார்த்துத்தான் பலமாகப் பிடித்துக்கொண்டது. ஹேங்கரில் இதற்கு ஷேடோ போர்டு இருக்கும். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய இடம். இடம் காலியாகத் தெரிந்தால் ஸ்பேனர் எங்கோ வெளியில் இருக்கிறது. சொந்த ஸ்க்ரூடிரைவரைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். போர்டுக்குத் தெரியாத கருவி தொலைந்தாலும் போர்டுக்குத் தெரியாது.

• கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைத்தால், அதில் கை வைக்காத இன்னொருவர் வந்து முழுதாகப் பார்க்கட்டும். ஏலிரான், எலிவேட்டர், ரட்டர், ட்ரிம் ஆகிய எல்லாவற்றுக்கும் இரட்டைச் சோதனை உண்டு. இரண்டாவது ஆளாக உங்களைக் கூப்பிட்டால், முதல் ஆள் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த அண்ணனாகவே இருந்தாலும், அவர் எதையும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். அவர்மேல் உள்ள மரியாதை அதனால் குறையாது. இரண்டு கையெழுத்து இருந்தும் ஒரே ஒரு ஜோடிக் கண்தான் பார்த்தது என்றால் அந்த இரண்டாவது கையெழுத்து விமானத்துக்கு ஆபத்து. அதை நம்பி மூன்றாவது ஆள் பார்க்காமல் விட்டுவிடுவார்.

• சோதனைக்காகத் திருப்பிய சுவிட்சைத் திருப்பி வையுங்கள். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் ஹீலியோஸ் நிறுவன போயிங் 737-இல், முந்தைய இரவுச் சோதனைக்குப் பிறகு காற்றழுத்தத் தேர்வுக் குமிழ் கைமுறை நிலையிலேயே நின்றுவிட்டது. விமானிகளும் கவனிக்கவில்லை. உயரம் ஏற ஏற உள்ளே காற்று மெலிந்து கிட்டத்தட்ட எல்லோரும் நினைவிழந்தார்கள். எரிபொருள் தீர்ந்து விமானம் கிரேக்க நாட்டு மலையில் மோதியது. 121 உயிர்கள். குமிழைத் திருப்பும்போதே "முன்பு எங்கே இருந்தது" என்று அட்டையில் ஒரு வரி எழுதுங்கள்.

• வெளிச்சமும் ஏணியும் சரியாகக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். எக்கி நின்று, கை மட்டும் எட்டி, கண் எட்டாத இடத்தில் செய்கிற வேலையை நீங்கள் செய்தீர்கள் என்று சொல்லலாம், பார்த்தீர்கள் என்று சொல்ல முடியாது.

• தூங்கிவிட்டு வேலைக்குப் போங்கள். இதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். முண்டியம்பாக்கத்துக்கும் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஊரில் கூத்து, திருவிழா, பங்காளி வீட்டுக் கல்யாணம். பகல் முழுக்கப் பந்தியில் நின்றுவிட்டு, சாயங்கால ரயிலில் நின்றுகொண்டே போய், இரவு ஷிஃப்டில் கையெழுத்துப் போடுகிற பையன்கள் இருக்கிறார்கள். ராத்திரி 2 மணிக்கு மேல் விடியும்வரை உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும். நன்றாகத் தூங்கி வந்தவரையே இழுக்கும். கல்யாணத்துக்குப் போங்கள், அதற்கு மறுநாளும் சேர்த்து லீவு சொல்லுங்கள். அது முடியாவிட்டால் வந்தவுடன் ஷிஃப்ட் இன்சார்ஜிடம் "அண்ணே, இன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை, கண்ட்ரோல் வேலை வேண்டாம்" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இன்சார்ஜ் இருந்தால் குறை அவரிடம்தான்.

• "எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். உரக்க.

செய்யக்கூடாதவை

• கண்ணால் பார்த்து, விரலால் உருட்டி, போல்ட் பொருத்தம் பார்க்காதீர்கள்.

இந்தத் தொழிலில் எல்லோரும் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்கு 87 பேருடன். 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி அப்படியே பெயர்ந்து பறந்தது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். கேபின் ஊழியர்கள் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள், துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கும்வரை. இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். பிழைத்தார், மற்றவர்களும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி முந்தைய நாள் அதிகாலையில்தான் மாற்றப்பட்டிருந்தது. மாட்டிய 90 போல்ட்டுகளில் 84, தேவையான விட்டத்தைவிட 0.66 மில்லிமீட்டர் சிறியவை. மீதி 6 நீளத்தில் குட்டை. மாட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, ஷிஃப்ட் மேலாளர். ஆள் குறைவாக இருந்ததால், தன் ஆட்களுக்குச் சுமை கூட்ட வேண்டாம் என்று விடியற்காலையில் தானே இறங்கிச் செய்த மனிதர். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத ஓர் உதிரிபாக அலமாரியில் அதற்குச் சமமானதைத் தேடினார். சரியான அளவு எது என்று ஸ்டோரில் இருந்தவர் சொல்லியும், கையிலிருந்ததையே அளவாக வைத்துக்கொண்டார். படிப்பதற்குக் கண்ணாடி போடுகிறவர், அன்று போடவில்லை. விமானத்தருகே ஸ்டாண்ட் சரியாக எட்டவில்லை. போல்ட் தலை குழியில் அளவுக்கு மீறி ஆழமாக உட்கார்ந்தது அந்த நிலையிலிருந்து கண்ணில் படவில்லை. கண்ணாடி மாற்றுவதற்கு இரண்டாவது ஆள் சோதனை தேவை என்ற விதியும் அப்போது இல்லை. இன்னொன்றும் உண்டு: ஒப்பிட எடுத்த பழைய போல்ட்டே விதித்த நீளத்தில் இல்லை. அதற்கு முன்னால் மாட்டியவர் குட்டையானதைப் போட்டிருந்தார், அது தாங்கிக்கொண்டிருந்தது. விமானத்திலிருந்து கழற்றியது என்பதற்காகவே ஒரு பாகம் சரியான பாகம் ஆகிவிடாது. பாகப் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இங்கே ஒரு நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடு, சின்னச் சின்னக் குறைகள் வரிசையாகச் சேர்ந்த ஓர் இரவில் தவறினார். சோம்பேறிகள் மட்டும்தான் தவறுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

• ஒரே ஆள், ஒரே இரவில், ஒரே வேலையை எல்லா எஞ்சின்களிலும் செய்யக்கூடாது.

1983 மே 5, மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவு நகருக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855. மூன்று எஞ்சின் விமானம், 172 பேர். கடலுக்கு மேலே மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் வற்றியது. மூன்றிலும் சிப் டிடெக்டர் என்கிற உலோகத்தூள் காட்டியை முந்தைய இரவு மாற்றியிருந்தார்கள். மூன்றிலும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இல்லை. வழக்கமாக ஃபோர்மன் அலமாரியில் வளையம் மாட்டியே வைத்திருப்பார்கள். அன்று அலமாரி காலி. ஸ்டோரிலிருந்து வந்தவை வளையமில்லாமல் வந்தன. வளையம் இருக்கும் என்ற பழக்கத்திலேயே மாட்டினார்கள், வேலை அட்டையிலும் கையெழுத்து விழுந்தது. நிறுத்திய ஓர் எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்து, அந்த ஒன்றை வைத்துக்கொண்டே மயாமியில் இறக்கினார்கள். எல்லோரும் தப்பினார்கள். மூன்று எஞ்சின் வைப்பதே ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்றுதான். ஒரே கை, ஒரே பழக்கம் மூன்றையும் தொட்டால் அந்தக் காப்பு போய்விடுகிறது.

• பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

• விமானத்தின் நிறத்திலேயே ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள். 1996 அக்டோபர் 2, பெரு நாட்டின் லிமாவில், விமானத்தைக் கழுவி மெருகேற்றும்போது ஸ்டாட்டிக் போர்ட் என்னும் காற்றழுத்தத் துளைகளை ஒட்டுத்தாளால் மூடினார்கள். முடிந்ததும் பிரிக்க மறந்தார்கள். வெள்ளி உடலில் வெள்ளித் தாள். இரவில் யாருக்குத் தெரியும்? உயரமும் வேகமும் பொய்யாகக் காட்டிய கருவிகளை வைத்துக்கொண்டு இருட்டில் தவித்த விமானம் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். மூடுவதற்கென்றே சிவப்பு நாடா தொங்கும் உறைகள் இருக்கின்றன. அதையே கேட்டு வாங்குங்கள்.

• கையேட்டை விட்டுவிட்டு வழக்கத்தைப் பிடிக்காதீர்கள். "இத்தனை வருஷமா இப்படித்தாம்பா பண்றோம்" என்று சொல்கிறவர் அன்பானவராகவே இருப்பார். 1978-ல் ஜப்பானில் வால் உரசிய ஒரு 747-இன் பின்தடுப்புச் சுவரைப் போயிங் ஆட்களே பழுதுபார்த்தார்கள். ஒட்டுத்தகடு ஒரே துண்டாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாக வெட்டிச் செருகப்பட்டது. அதனால் இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கியது. ஏழு வருடம் தாங்கியது, பன்னிரண்டாயிரம் பறப்புகளுக்கு மேல். 1985 ஆகஸ்ட் 12 அன்று தாங்கவில்லை. 520 பேர். இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது செய்முறை சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. கையேட்டில் உள்ளபடி செய்யவே முடியவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வரட்டும்.

• "காலை 6 மணிக்கு ஃப்ளைட்" என்று யாராவது வந்து தலைமாட்டில் நின்றால் வேகம் கூட்டாதீர்கள். போன் வந்தாலும் அப்படித்தான். ஒரு வேலையின் நடுவில் கூப்பிட்டு உங்களை எழுப்பினால், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். மூன்று படி பின்னால் போய்த் தொடங்குங்கள். விட்ட இடம் என்று மனம் நினைப்பது பெரும்பாலும் ஒரு படி தள்ளித்தான் இருக்கும்.

• கனடாவில் கார்டன் டூபான்ட் 1993-ல் தொகுத்த பன்னிரண்டு காரணங்களின் போஸ்டரை ஹேங்கர் சுவரில் மாட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். களைப்பு, கவனச்சிதறல், அழுத்தம், அறிவுக்குறை, வாய்திறவாமை என்று அதில் இருப்பவை எல்லாம் உண்மையே. ஆனால் இன்றைய ஷிஃப்டில், இந்த விமானத்தில், அவற்றில் எது நிற்கிறது என்று ஷிஃப்ட் தொடங்கும்போது இரண்டு நிமிடம் பேசுகிற இடத்தில்தான் அந்தப் போஸ்டருக்குப் பயன்.

• தவறை மறைக்காதீர்கள்; தவறைச் சொன்னவரைத் தண்டிக்காதீர்கள்.

இந்த இரண்டாவது பாதி, நாளைக்கு நீங்களே இன்சார்ஜ் ஆகும்போது நினைவில் இருக்க வேண்டியது. ஈஸ்டர்ன் நிறுவனத்தில் அந்த ரப்பர் வளையம் விடுபட்டது முதல் தடவையல்ல. அதற்கு முன்பே பல முறை நடந்து, எஞ்சினை நடுவானில் நிறுத்தி இறங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதை மாட்டியவருடைய குறையாக மட்டுமே பார்த்தார்கள். ஆட்களைக் கண்டித்தார்கள், அலமாரியும் வேலை அட்டையும் அப்படியே இருந்தன. அதனால் அடுத்த ஆளும் அதே இடத்தில் வழுக்கினார்.

தெரிந்தே விதியை மீறியவர், குடித்துவிட்டு வந்தவர், பார்க்காமல் கையெழுத்திட்டதை வழக்கமாக்கியவர் இவர்களை விடக்கூடாது. ஆனால் "நான் ஸ்குருவை மறந்துவிட்டேன், விமானத்தை நிறுத்துங்கள்" என்று ரன்வே ஓரத்திலிருந்து போன் பண்ணுகிற இருபத்திரண்டு வயதுப் பையனைத் திட்டிவிட்டால், அடுத்த முறை யாரும் போன் பண்ண மாட்டார்கள். அவனை உட்காரவைத்து ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்கள். அதில் அவன் பெயருக்கு முன்பாக மணி என்ன, எத்தனையாவது இரவு ஷிஃப்ட், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, ஸ்டாண்ட் எவ்வளவு உயரம், கையேட்டின் எந்தப் பக்கம் திறந்திருந்தது, நடுவில் யார் கூப்பிட்டார்கள், பாகம் எந்த அலமாரியிலிருந்து வந்தது என்று எழுதட்டும். எழுதி முடித்ததும் அன்றைக்கே அந்த அலமாரியைப் போய்ப் பாருங்கள்.